சிறுவரோடு மழலை பயின்ற சுவார்ட்ஸ் ஐயர்

பிறமொழி ஒன்றைச் சிறுவர்க்குக் கற்பித்தல் எளிதென்று எண்ணுவோர், அதனை ஒருநாளேனும் செய்து பார்த்திராதவரே ஆவர். தமிழிலக்கணத்திற் சிறிது பயிற்சியும் ஆங்கிலத்திற் சிறிது பழக்கமும் உண்டென்னும் துணிவொன்றே கைம்முதலாக, திண்டுக்கல் நகரைச் சார்ந்த பேகம்பூரில், மாலை வேளைகளிற் சிறுவர் சிலர்க்கு ஆங்கிலம் கற்பிக்க யாம் புகுந்தோம். தோல் பதனிடும் சாலைகளிலும் பூட்டுப் பட்டறைகளிலும் உழைப்போரின் மக்கள் அவர்கள். பெயர்ச்சொற்கள் பாடமாயிருந்தவரை எல்லாம் இனிதே நடந்தது. வினைச்சொற்களின் இறந்தகால வடிவங்களைத் தொடங்கிய அன்றே எம் துணிவு தளர்ந்தது.

வாக் என்னும் வினை இறந்தகாலத்தில் வாக்ட் என்றாகும், பிளே என்பது பிளேட் என்றாகும், ஈற்றில் ஓர் ஒலியைச் சேர்த்தலே விதி என்று சொல்லி முடித்தோம். உடனே ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, தான் பள்ளிக்குச் சென்றதைச் சொல்லப் புகுந்து, கோ என்பதைக் கோட் என்றாக்கி உரைத்தான். அது தவறு, வென்ட் என்பதே சரி என்று திருத்தினோம். நீங்கள் கூறிய விதிப்படியே கூறினேன், அது பிழையானது எப்படி என்று அவன் கேட்டான். எமக்கு விடை தெரியவில்லை. தெரியாமையை மறைக்கச் சினம் துணைவந்தது. கேள்வி கேளாது மனனம் செய்க என்று கடிந்தோம். ஏனைய சிறுவர் நகைத்தனர். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை வருத்தத்தோடு திரும்புங்கால், ஐதர் அலியின் உடன்பிறந்தவராகிய அமீருன்னிசா பேகத்தின் கல்லறையைக் கடந்தோம். பேகம்பூர் என்னும் பெயர் அவ்வம்மையாரால் வந்ததே. 1755-இல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்து, இம்மலைக்கோட்டையிலிருந்தே தம் வலிமையைப் பெருக்கிக்கொண்டவர் ஐதர். அவரை நினைத்தபோது, அவர் கொடுத்த பொருள் தஞ்சையில் ஆங்கிலப் பாடசாலை ஒன்றுக்கு முதலாயிற்று என்னும் செய்தியும் உடன் நினைவுக்கு வந்தது. அப்பொருளைப் பெற்றுப் பாடசாலைக்கு ஆக்கியவர் சுவார்ட்ஸ் ஐயர். அன்றிரவே அவர் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தோம். எம் பிழை இன்னதென்று அதிற் கண்டோம். ஆதலின் அவ்வரலாற்றை எம் கல்லூரி அன்பர்க்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், பிரஷிய நாட்டுச் சோனன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் குழந்தையாயிருக்கும்போதே அன்னையார் காலமானார். இறக்குங்கால், இம்மைந்தனை இறைபணிக்கென்று நேர்ந்துள்ளேன் என்று கணவர்க்குத் தெரிவித்து, அவனை அவ்வழியிலே வளர்க்கும்படி வேண்டிக்கொண்டார் என்பர். தந்தையார் எளிமையும் கட்டுப்பாடும் உடையவராய் அவரை வளர்த்தார். 1746-இல் ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையில் அவர் சேர்ந்தார்.

தமிழ்நாட்டிற் பல்லாண்டு தொண்டு செய்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சே என்பார் அப்போது ஹாலேயில் வாழ்ந்தார். அங்குத் தமிழ் வேதாகமத்தை அச்சிடும் முயற்சி ஒன்று நடந்தது. அதற்குத் துணைசெய்ய வேண்டித் தமிழ் பயிலுமாறு சுவார்ட்ஸ் ஏவப்பெற்றார். அச்சுவேலை நிறைவேறவில்லை. எனினும் கற்ற தமிழ் வீண்போகவில்லை. அம்மொழி வழங்கும் நாட்டுக்கே செல்லும் விருப்பத்தை அது அவர் உள்ளத்தில் விதைத்தது. 1749-இல் கோப்பன்ஹேகன் நகரிற் குருப்பட்டம் பெற்று, இங்கிலாந்து வழியாகக் கப்பலேறி, 1750 ஜூலை மாதத்திற் கடலூரை அடைந்து, அம்மாத இறுதியில் டேனிஷ்காரர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

மழலை பயின்ற காலம்

தரங்கம்பாடிக்கு வந்த நான்கு திங்களுக்குள் அவர் தமிழிற் பிரசங்கம் செய்தார். ஆயினும் அவர் வரலாற்றில் எம்மை மிகவும் ஈர்த்த செய்தி அதுவன்று. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சென்று, அங்கிருந்தோரிலெல்லாம் இளையராகிய குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு மணிநேரம் வேதபாடம் கற்பிக்கத் தொடங்கினார். கற்பிப்பவர் அவர், ஆனால் மொழியிலே அக்குழந்தைகளே அவர்க்கு முன்னோர். அவர்களோடு சேர்ந்து தாமும் மழலை பேசப் பழகிக்கொண்டதாக அவரே தம் கடிதத்தில் எழுதியுள்ளார்.

சர்வகலாசாலையிற் கற்றவர், எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனும் அறிந்தவர், குருப்பட்டம் பெற்றவர். அத்தகையவர் ஐந்தாறு வயதுக் குழந்தைகளின் முன்னே பிழைபடப் பேசுதற்கு நாணவில்லை. தம் பிழையை அவர்கள் கேட்டு நகைத்தாலும் அதனால் தம் மதிப்புக் குறையும் என்று அஞ்சவில்லை. தமிழேயன்றி, பிற்காலத்தே இந்துஸ்தானியும் பாரசீகமும் போர்த்துக்கீசியமும் மராத்தியும் அவர் பயின்றார். படைவீடுகளில் இருந்த இஸ்லாமியரோடு பேச இந்துஸ்தானி. கடற்கரை ஊர்களிலிருந்த கலப்பினத்தாரோடு பேசப் போர்த்துக்கீசியம். தஞ்சை மன்னரோடு பேச மராத்தி. எதிரே நிற்பவரிடம் அவரவர் மொழியிலேயே பேச வேண்டும் என்பதே அவர் ஒவ்வொன்றையும் கற்றதற்குக் காரணம்.

திருச்சிராப்பள்ளியும் ஆங்கிலமும்

1762-இல் அவர் தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குக் கால்நடையாகவே சென்றார். அங்கே கோட்டையில் ஆங்கிலப் படை தங்கியிருந்தது. படைவீரர்க்குப் போதிப்பார் ஒருவரும் இலர். சுவார்ட்ஸ் ஐயர்க்கோ ஆங்கிலம் தாய்மொழியன்று. தொடக்கத்தில், அச்சிட்ட ஆங்கிலப் பிரசங்கங்களை அவ்வாறே படித்துக்காட்டி வந்தார். பின்னர்ப் பழக்கம் முதிர முதிரத் தம் சொற்களாலேயே பேசலாயினார். அவ்வூரில் வெடிமருந்துச் சாலை ஒன்று தீப்பற்றி வெடித்தபோது படைவீரர் பலர் மாண்டனர். ஆதரவற்று நின்ற அவர்தம் பிள்ளைகளுக்கென்று பாடசாலை ஒன்றை ஏற்படுத்தினார். படையினரும் பிறரும் கொடுத்த பொருளைக்கொண்டு 1766-இற் கோட்டையினுள்ளே கிறிஸ்து ஆலயம் எழுந்தது. 1768-இற் கும்பினியார் அவரைப் படைக்குருவாக அமர்த்தி, ஆண்டுக்கு நூறு பவுன் ஊதியம் அளித்தனர். அதிலும் ஒரு பகுதியைத் தொண்டுக்கே செலவிட்டார். திருமணம் செய்துகொள்ளாமல், எளிய உணவும் எளிய உடையுமாக அவர் வாழ்ந்தார்.

இவ்விடத்தில் ஒன்று கூறல் வேண்டும். ஜெர்மானியமும் ஆங்கிலமும் ஒருதாய் மக்கள். ஆங்கிலத்தில் டிரிங்க், டிராங்க், டிரங்க் என்று உயிர் திரிந்து வரும் வினை, ஜெர்மானியத்திலும் டிரிங்கன், டிராங்க், கெட்ருங்கன் என்று ஏறக்குறைய அவ்வாறே திரியும். ஆங்கிலச் சிறுவரையும் அயலாரையும் ஒருங்கே அலைக்கழிக்கும் இவ்வகை வினைகள், அவ்விரு மொழிகளும் பிரியுமுன்னரே இருந்த பழஞ்செல்வம். ஆதலின் சுவார்ட்ஸ் ஐயர் ஆங்கிலம் கற்றபோது இவை அவருக்கு உறவினர் முகம் போன்றிருந்திருத்தல் வேண்டும். தமிழ்ச் சிறுவனுக்கு அவ்வுறவு இல்லை. அவன் ஒவ்வொரு சொல்லையும் முன்பின் அறியாத அயலாராகவே சந்திக்கின்றான். தமக்கு எளிதாயிருந்தது மாணாக்கனுக்கு அரிதாயிருக்கும் என்பதை ஆசிரியர் மறந்தவிடத்தே தான் கடுஞ்சொல் பிறக்கின்றது.

ஐதர் அலியின் முந்நூறு ரூபாய்

1778 முதல் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையிலேயே நிலையாகத் தங்கினார். மறு ஆண்டு சென்னைக் கவர்னர் தாமஸ் ரம்போல்டு அவரை அழைத்து, ஐதர் அலியின் கருத்து இன்னதென அறிந்துவருமாறு சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். ஆங்கிலத் தூதர் எவரையும் நம்பாத ஐதர், இவ்வொருவரை நம்பலாம் என்று கருதினார். இருவரும் மொழிபெயர்ப்பாளர் துணையின்றி நேரே உரையாடினர். போரைத் தவிர்க்கும் நோக்கம் கைகூடவில்லை. 1780-இற் போர் மூண்டது. ஆனால், போர் நடந்த காலத்தும் இப்பாதிரியாரைத் தடுக்கவோ துன்புறுத்தவோ கூடாதென்று ஐதர் தம் படைத்தலைவர்க்குக் கட்டளையிட்டிருந்தார்.

சீரங்கப்பட்டணத்தினின்று விடைபெறும்போது வழிச்செலவுக்கென்று ஐதர் முந்நூறு ரூபாய் அளித்தார். மறுத்தால் அவமதிப்பாகும் என்பதால் ஐயர் அதனை ஏற்றார். சென்னைக்கு வந்ததும் அதனை அரசாங்கத்தாரிடம் ஒப்புவித்தார். அவர்கள் அதனை அவரே வைத்துக்கொள்ளலாம் என்றனர். அவரோ தமக்கென்று ஒரு காசும் கொள்ளாமல், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கில தருமப் பாடசாலைக்கு அதனை முதற்பொருளாக்கினார். ஐதர் எழுதப் படிக்க அறியாதவர். எழுத்தறியா ஒருவர் கொடுத்த பொருள் எழுத்தறிவிக்கும் சாலைக்கு வித்தாயிற்று. அவர் உடன்பிறந்தவர் துயிலும் பேகம்பூரிலே ஆங்கிலப் பாடம் சொல்லும் எமக்கு, இச்செய்தி தனியே ஓர் இன்பம் பயந்தது.

போரினாற் பஞ்சம் வந்து தஞ்சைக் கோட்டையிற் பலர் பட்டினியால் மாண்டனர். வெளியூர்க் குடிகளிடம் நெல் இருந்தது. விலை கிடையாதென்னும் அச்சத்தால் அரசர் சொல்லையும் கும்பினியார் சொல்லையும் அவர்கள் நம்பவில்லை. விலையை யானே தருவேன் என்று சுவார்ட்ஸ் ஐயர் உறுதி கூறினார். இரண்டொரு நாளில் ஆயிரம் எருதுகள் வந்து சேர்ந்தன. எண்பதினாயிரம் கலம் நெல் கோட்டைக்குட் புகுந்தது. ஒவ்வொருவர்க்கும் உரிய பணத்தையும் அவர் தவறாது சேர்ப்பித்தார்.

சீமைப் பள்ளிகள்

தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன் என்பார், நாட்டுச் சிறுவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் பாடசாலைகளை ஆங்காங்கே நிறுவ வேண்டும் என்று கருதினார். கும்பினியார்க்கும் குடிகளுக்கும் இடையே மொழி என்னும் சுவர் நிற்பதாலேயே பல தொல்லைகள் விளைகின்றன என்பது அவர் எண்ணம். அம்முயற்சியைச் சுவார்ட்ஸ் ஐயர் ஏற்று நடத்தினார். 1785-ஆம் ஆண்டளவில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூவிடங்களில் இப்பள்ளிகள் தோன்றின. 1787-இல் இலண்டனிலிருந்த டைரக்டர்கள் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 வராகன் வழங்க இசைந்தனர். இந்தியச் சிறுவரின் ஆங்கிலக் கல்விக்குக் கும்பினியார் பொருளுதவிய முதல் முயற்சிகளுள் இஃது ஒன்றாகும். மெக்காலே தம் குறிப்பை எழுதுதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர் நிகழ்ந்தது இது.

கும்பினியார் பொருள் கொடுத்ததற்கு அரசியல் நோக்கமும் உண்டென்பதை மறைத்தல் ஆகாது. தம் ஆட்சிக்கு உதவும் ஆட்கள் அவர்களுக்கு வேண்டியிருந்தனர். அப்பள்ளிகளிற் பெரும்பாலும் பிராமணரும் வணிகருமாகிய உயர்குடியாரின் பிள்ளைகளே பயின்றனர். எனினும், தருமப் பாடசாலையில் அநாதைக் குழந்தைக்கும் இடமளித்தவர் சுவார்ட்ஸ் ஐயரே என்பதையும் உடன் கூறல் நீதியாம்.

சீமைப் பள்ளியிலே திண்ணையிலிருந்து வந்து அமர்ந்த சிறுவனை எண்ணிப் பார்க்குங்கால் எமக்கு இரக்கம் தோன்றுகின்றது. அவன் எதிர்கொண்ட இடரும் பேகம்பூர்ச் சிறுவனின் இடரும் ஒன்றே. ஆயினும் அவ்விடரைக் கடக்கும் தோணி அவன் தாய்மொழியிலேயே கட்டப்பட்டிருக்கின்றது என்பதை யாம் இப்போது உணர்கின்றோம். நன்னூலார் தகர டகர றகர ஒற்றுக்களையும் இன் என்பதையும் இறந்தகால இடைநிலைகளாகக் கூறுகின்றார். செய்தான், உண்டான், சென்றான், பாடினான் என்பவற்றில் அவை நான்கும் நிற்றல் காண்க. ஆங்கிலத்தின் ஈற்றொலியும் எழுத்தில் ஒன்றாயினும் ஓசையில் மூன்று. வாக் என்பதோடு வல்லோசையாயும், பிளே என்பதோடு மெல்லோசையாயும், வாண்ட் என்பதோடு தனியசையாயும் அது ஒலிக்கும். முன்னின்ற ஒலியே இதனை விதிக்கின்றது. தமிழ்ச் செவி பழகிய செய்தியே இது.

விதி கடந்தவையும் தமிழில் இல்லாமற் போகவில்லை. வா என்பது வந்தான் என்றாகின்றது, வாந்தான் என்பாரில்லை. காண் என்பது கண்டான் என்று குறுகுகின்றது. விடு என்பது விட்டான் என்றும், பெறு என்பது பெற்றான் என்றும் ஒற்றிரட்டுகின்றன. இவற்றைத் தமிழ்க் குழந்தை இலக்கணம் கேட்டுக் கற்றதில்லை. பன்முறை கேட்டே கற்றது. வென்ட் என்பதோ, வழிச்செல்லுதல் என்னும் பொருள்பட்ட வேறொரு பழைய வினையின் இறந்தகாலம். கோ என்பதற்கு அஃது இரவலாக வந்து நிலைத்துவிட்டது. அச்சிறுவன் கேட்டபோது யாம் கூறியிருக்க வேண்டிய விடை இதுவே.

இன்னுமொன்று. போகவில்லை என்பதை ஆங்கிலத்திற் கூறப் புகும் சிறுவர் பெரும்பாலோர், டிட் நாட் என்பதன் பின்னும் வென்ட் என்றே எழுதிவிடுகின்றனர். தமிழிலே போனவில்லை என்று எவரும் கூறார். போக என்னும் வினையெச்சம் காலம் காட்டாமல் நிற்க, பின்வரும் சொல்லே மறுத்தலை முடிக்கின்றது. ஆங்கிலத்திலும் டிட் என்பது காலத்தைத் தாங்கிக்கொள்வதால், கோ என்பது இயல்பாகவே நிற்கின்றது. இவ்வொப்புமையைக் காட்டினால் பத்து நாட் பாடம் ஒரு நாளில் விளங்கும். மாணாக்கன் மொழியை அறியாத ஆசிரியர் இதனைக் காட்டவியலாது. சுவார்ட்ஸ் ஐயர் தரங்கம்பாடிக் குழந்தைகளோடு மழலை பேசியதன் பயனை இங்கே நாம் உணர்தல் கூடும்.

மாணாக்கர் இருவர்

சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கருள் இருவரைக் குறிப்பிட்டு அமைவோம். ஒருவர், பாளையங்கோட்டையினின்று பன்னிரண்டு வயதளவில் அவர் அழைத்துவந்து பயிற்றிய வேதநாயகம் சாஸ்திரியார். அவர் பிற்காலத்தே பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களை இயற்றித் தமிழ்க் கிறிஸ்தவர் போற்றும் கவிராயராய் விளங்கினார். ஜெர்மானியர் ஒருவர் வளர்த்த பிள்ளை தமிழ்ப் புலவரானது, அவர் தமிழைத் தாழ்த்தி ஆங்கிலத்தை உயர்த்தியவர் அல்லர் என்பதற்குச் சான்றாகும்.

மற்றொருவர் சரபோஜி மன்னர். தஞ்சை மன்னர் துளஜாஜி 1787-இல், பத்து வயதினராகிய சரபோஜியைத் தத்தெடுத்து, தாம் இறக்குமுன் அச்சிறுவரைச் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் ஒப்புவித்தார். ஆயினும் அமர்சிங்கு அரசுகட்டிலேறினார். சரபோஜி காவலில் வைக்கப்பெற்றுக் கல்வியும் இன்றி வாடினார். ஐயர் இதனைப் பொறாராய்க் கும்பினியாரிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டார். 1793-இற் சரபோஜி சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கே கெரிக்கே என்னும் பாதிரியார் அவர்க்குக் கல்வி புகட்டினார். வழக்கு முடிந்து, 1798-இல் அவர் தஞ்சை மன்னரானார். சரஸ்வதி மகால் நூல்நிலையத்திற்கு ஐரோப்பிய நூல்களை ஆயிரக்கணக்கில் வருவித்துச் சேர்த்தவர் அவரே.

மறைவும் நினைவும்

மாணாக்கர் அரியணை ஏறியதைக் காண ஐயர்க்குக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குச் சில திங்களுக்கு முன்னரே, 1798 பிப்ரவரி 13-ஆம் நாள், எழுபத்தொரு வயதினராய் அவர் தஞ்சையிற் காலமானார். சரபோஜி வந்து ஆசிரியர் உடலைக் கண்டு கண்ணீர் உகுத்தார். பொன்னாடை ஒன்றால் அதனைப் போர்த்தினார். அடக்கம் செய்யும்வரை உடனிருந்தார். பின்னர், ஜான் பிளாக்ஸ்மன் என்னும் இங்கிலாந்துச் சிற்பியைக்கொண்டு, மரணப் படுக்கையிலுள்ள ஆசிரியரைத் தாம் வந்து காணும் காட்சியைச் சலவைக்கல்லிற் செதுக்குவித்துத் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் வைப்பித்தார்.

அதனினும் அரியது மற்றொன்று. ஐயரின் கல்லறைமேற் பொறிக்கப்பெற்ற ஆங்கிலப் பாட்டு சரபோஜி தாமே இயற்றியது. ஆசிரியர் எத்தகையவராயிருந்தார் என்று அவரையே முன்னிலைப்படுத்திக் கூறுதலால், அப்பாட்டு இருத்தல் என்னும் வினையின் இறந்தகால வடிவத்தோடு தொடங்குகின்றது. ஆங்கில வினைகளிலெல்லாம் பெரிதும் விதி கடந்தது அவ்வினையே. அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் அவர் துணையாயிருந்ததைப் போற்றி, அவரைத் தந்தை என்று விளித்து, அவர்க்குத் தக்கவனாகத் தான் விளங்க வேண்டும் என்று வேண்டி, நிகழ்காலத்தில் முடிகின்றது. சிறுவனாய்க் கற்ற அயல்மொழியின் இறந்தகாலத்தை, அம்மாணாக்கர் ஆசிரியர் கல்லறையின்மீதே பிழையின்றி எழுதிக்காட்டினார். ஆசிரியர் ஒருவர்க்கு இதனினும் பெரிய கைம்மாறு உளதோ?

இவ்வரலாற்றைப் படித்த மறுநாள், யாம் அச்சிறுவனின் இல்லத்தைத் தேடிச் சென்றோம். அவன் தந்தையார் வேலைக்குச் சென்றிருந்தார். தாயார் எம்மை இருக்கச் செய்து தேநீர் கொடுத்தார். எம்மிடம் பிழை இருந்தது என்பதை அவர் கேட்கவே அச்சிறுவனுக்குச் சொன்னோம். வா என்பது ஏன் வந்தான் என்றாகின்றது என்று அவனிடமே கேட்டோம். அவன் நெடுநேரம் எண்ணினான்; தெரியவில்லை என்றான். எமக்கும் அன்று தெரியவில்லை என்றோம். அப்போது தான் அவன் முகத்தில் நகை தோன்றியது. வென்ட் என்பது இரவல் வந்த கதையை அதன் பின்னர்க் கூறினோம்.

அன்று மாலை அவன் பாடத்துக்கு வந்தான். மற்றச் சிறுவர்க்கு அக்கதையை அவனே எடுத்துரைத்தான். உரைக்கும்போது கேட்ச் என்பதைக் கேட்ச்ட் என்றாக்கினான். இம்முறை ஒருவரும் நகைக்கவில்லை, யாமும் கடியவில்லை. விதியை அறிந்தே தவறினான் என்று பாராட்டிய பின்னரே, காட் என்னும் வடிவைக் கரும்பலகையில் எழுதினோம். இக்கல்லூரியினின்று ஆசிரியராய்ச் செல்லவிருக்கும் நண்பர் பலர் உளர். மாணாக்கன் பிழைக்கும்போது, தரங்கம்பாடியிற் குழந்தைகள் நடுவே மழலை பேசிக்கொண்டிருந்த அவ்வறிஞரை அவர்கள் ஒருகணம் நினைப்பார்களாக.